இகரம் சேர்ந்த பட்டியலும் கோகிலாவும்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 12, திங்கட்கிழமை. விடியற்காலையில் பனி இறங்கி, உச்சிப்புளி வட்டாரத்துத் தென்னை ஓலைகளெல்லாம் நனைந்திருந்தன. எட்டரை மணிக்கு மேல் வாடைக்காற்று எழுந்து, மணலைச் சாலை வரைக்கும் கொண்டுவந்து போட்டது. வானத்தில் மேகம் இல்லை.

ஒன்பது மணிக்கு மல்லிகை நாற்று உற்பத்தியாளர் சங்கத்தின் அலுவலகம் திறந்தது. ஒன்பது ஐந்துக்கு ராக்கப்பன் உள்ளே வந்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து, எழுத்தர் கோகிலாவின் மேசைமீது விரித்தார்.

"ஏத்தா, இது ஓங் கம்ப்யூட்டரு எழுதுனதா, நீ எழுதுனதா?"

"சங்கம் எழுதுனதுண்ணே. உக்காருங்க."

"உக்கார வரல. இதுல என்ன போட்டிருக்குன்னு சத்தமாப் படி."

கோகிலா படித்தார். மாதிரி எண் 417க்கு உரிய தோட்டத்தில் வேர்முடிச்சுப் புழு இருப்பதை ஆய்வுக்கூட அறிக்கை உறுதிப்படுத்தியுள்ளது; ஆகவே, உறுப்பினர் இராக்கப்பன் தம் தோட்டத்திலுள்ள 8,400 நாற்றுகளையும் 13ஆம் தேதி மாலைக்குள் பிடுங்கி எரித்துவிட வேண்டும். பதினான்காம் தேதி தாவர நலச் சான்று வழங்கும் அலுவலர்கள் பார்வையிட வருகிறார்கள். ஒரு தோட்டத்தில் புழு இருந்தாலும் நாற்பத்தொரு தோட்டங்களுக்கும் சான்று மறுக்கப்படும். இவ்வளவும் அக்கடிதத்தில் இருந்தன.

"எம் பாத்தியில பதினோராயிரத்து எரநூறு நாத்து நிக்கிது. நீங்க எட்டாயிரத்து நானூறுன்னு போட்டிருக்கீக. எண்ணிக்கையே தெரியாதவக எப்படித்தா பிடுங்கச் சொல்லலாம்?"

"அண்ணே, அந்த ஃபைலப் பூட்டி வச்சிருக்கேன். யாரும் கைவைக்க முடியாது. அதுல தப்பு வராது."

"பூட்டி வச்சா பொய்யி நெசமாயிருமா? நாலு மாசமா தண்ணி தூக்கி ஊத்துனது நானு. எம் பொண்டாட்டிக்கு இன்னும் தோள்பட்ட வலி எறங்கல. நீ ஒரு பொத்தான அமுக்கிட்டு எரிங்கிற."

கோகிலா கடிதத்தை மீண்டும் ஒருமுறை படித்தார். 8,400 என்ற எண்ணின்மீது பென்சிலால் ஒரு வட்டம் இட்டார்.

"நாளைக்குச் சாயந்தரம் கமிட்டி கூடுதுண்ணே. அதுவரைக்கும் ஒரு நாத்தக்கூடப் பிடுங்காதீக. நாம் பாத்துச் சொல்றேன்."

"நீ சொல்லுவ. அவுக கேப்பாகளா?"

"கேக்க வைக்கிறேன்."

'தப்பு வராது' என்று அவர் கூறியது வெறும் வீம்பன்று. அவ்வாறு கூறும் நிலைக்கு அந்த அலுவலகத்தைக் கொண்டுவர அவருக்கு ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

கோகிலா பிறந்தது முதுகுளத்தூருக்கு மேற்கே, கண்மாய் நிறைந்தால் நெல்லும் நிறையாவிட்டால் மிளகாயும் விளையும் ஓர் ஊரில். தந்தை வேல்சாமியும் தாய் பஞ்சம்மாளும் பிறர் வயல்களில் வேலை செய்தவர்கள். குடும்ப அட்டையில் அவர் பெயரைக் 'கோகிளா' என்று எழுதியிருந்தார்கள். பள்ளிச் சான்றிதழில் 'வே. கோகிலா', சாதிச் சான்றிதழில் 'கோகிலா வே'. கல்லூரி விண்ணப்பத்தில் இம்மூன்றும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்டார்கள். வேல்சாமி மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு, மகளோடு வட்டாட்சியர் அலுவலகத்திற்கு நடந்தார். மூன்றாம் நாள் அங்கிருந்த ஊழியர் ஒருவர், "ஒரு எழுத்துக்குப் போயி இம்புட்டா?" என்று கேட்டாராம். வேல்சாமி, "அதத்தாங்க நாங்களும் கேக்குறோம்" என்றாராம். இதைக் கூறும்போது கோகிலா சிரிப்பார்.

வணிகவியலில் பட்டம் பெற்று, இராமநாதபுரத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்து, பாம்பன் வழியாகச் சரக்குந்து ஓட்டும் பிரபுவை மணந்து, உச்சிப்புளிக்கு வந்தார். 2017இல் நாற்றுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

சேர்ந்த முதல் நாள் அவர் திறந்து பார்த்த கணினியில் பதினான்கு கோப்புகள் இருந்தன. மூன்று பேர் மூன்று விதமாக எழுதியவை. ஒரு கோப்பில் நட்ட தேதி '5.11.16', இன்னொன்றில் 'நவம்பர் அஞ்சு', மற்றொன்றில் 'ஐப்பசி 20'. நாற்றுகளைச் சிலர் எண்ணிக்கையாகவும், சிலர் கட்டாகவும் குறித்திருந்தனர். ஒரு கட்டுக்கு எத்தனை நாற்று என்பது ஆளுக்கு ஆள் மாறியது. ஒரே ஊர், ஒரே கோப்பில், நான்கு எழுத்துக்கூட்டல்களில் இருந்தது. மொத்த நாற்று எத்தனை என்று கணினியிடம் கேட்டால், அது தனக்குப் புரிந்தவற்றை மட்டும் கூட்டிவிட்டு, மற்றவற்றை வாய்பேசாமல் விட்டுவிட்டது.

கோகிலா ஒரே படிவம் வரைந்தார். தலைப்புகள், எழுத்தளவு, கட்டங்களின் அகலம் எல்லாம் ஒருமுறை தீர்மானிக்கப்பட்டன. தேதிக் கட்டம் தேதியை மட்டுமே ஏற்கும். ஐப்பசியை எழுதினால் திருப்பி அனுப்பும். ஊரையும் நாற்று வகையையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். அப்படிவத்தை மூலமாகச் சேமித்துவைத்தார். யார் திறந்தாலும் புதிய படி ஒன்றுதான் கிடைக்கும். மூலம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு பருவத்திற்கும் மீண்டும் வரைய வேண்டிய தேவை ஒழிந்தது.

எழுதக்கூடிய கட்டங்களை வெள்ளையாக விட்டார். பெயர், வாய்பாடு, குறியீடு முதலான, எவரும் தொடக் கூடாத கட்டங்களுக்குச் சாம்பல் நிறமிட்டு, கடவுச்சொல் வைத்துப் பூட்டினார். கோகிலா அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைக்கும் களப்பணியாளர் வாவு முகம்மது அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார்.

"தங்கச்சி, அந்தத் திருநீறு பூசுன கட்டத்துல என்ன தட்டுனாலும் ஏற மாட்டேங்குதே?"

"அது சாமி கட்டம், காக்கா. நீங்க வெள்ளைக் கட்டத்துல மட்டும் எழுதுங்க."

"நல்லாருக்கு. எனக்குன்னு மிஞ்சுனது வெள்ளைதான்."

முதலிரண்டு ஆண்டுகள் உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். கோகிலா எவரிடமும் வாதிடவில்லை. படிவத்தை மாற்றவும் இல்லை. மூன்றாம் ஆண்டில் முணுமுணுப்பு அடங்கியது.

இத்தகைய அலுவலகத்தில்தான் எட்டாயிரத்து நானூறு என்ற எண் ராக்கப்பனின் பெயருக்கு நேரே நின்றது.

மாதிரி எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோய் ஆய்வுக்கு வேரும் மண்ணும் அனுப்பும்போது, பொட்டலத்தின்மீது பெயர் எழுதுவதில்லை. யாருடைய தோட்டம் என்பது ஆய்வுக்கூடத்துக்கோ களப்பணியாளருக்கோ நினைவில் நிற்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. ஒவ்வொரு பருவமும் கணினி புதிய மாதிரி எண்களைத் தாறுமாறாக வழங்கும். எந்த எண் யாருக்கு என்பது கோகிலாவின் கோப்பில், சாம்பல் கட்டத்தில் மட்டுமே இருக்கும். சனவரி 8 அன்று வாவு முகம்மது பொட்டலங்களுக்கு எண் ஒட்டுவதற்காக, அப்பட்டியலின் ஒரே ஒரு அச்சுப் படியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். கோகிலா முதலில் அதைத்தான் தேடினார்.

"காக்கா, ஸ்டிக்கர் ஒட்டக் குடுத்தேனே ஒரு தாளு, அது எங்க?"

வாவு முகம்மது தலையைச் சொறிந்தார்.

"அன்னைக்குப் புதுமடத்துல நெத்திலிக் கருவாடு வாங்குனேன் தங்கச்சி. கட்டிக்குடுக்கத் தாளில்லன்னாக."

"அதுல நாப்பத்தோரு பேரு இருந்துச்சு, காக்கா!"

"கருவாடும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்துச்சு. அல்லா மேல ஆணையா, வேல முடிஞ்சப்புறந்தான் மடிச்சேன்."

கோகிலா கோப்பைத் திறந்தார். நான்காம் வரிசை: பெயர், இராக்கப்பன், மாதிரி எண், 417, வகை, இராமநாதபுரம் குண்டுமல்லி, நட்ட தேதி, 14.11.2023, நாற்று, 8,400. கடிதம் கோப்பைப் பிசகாமல் எடுத்தெழுதியிருந்தது. கோப்பின் வலப்புறக் கடைசியில், அச்சில் வராத நெடுவரிசை ஒன்று உண்டு. அது தொலைபேசி எண்களுக்கு உரியது. ராக்கப்பனை அழைத்து நட்ட தேதியைக் கேட்கலாம் என்று எண்ணி, அதை நகர்த்திப் பார்த்தார்.

இராக்கப்பன் என்ற பெயருக்கு நேரே இருந்தது கோகிலாவின் சொந்தத் தொலைபேசி எண்.

அவர் எண்ணை இரண்டாம் முறை படிக்கவில்லை. அவர் மாமியார் உமாமகேஸ்வரி சங்கத்தின் உறுப்பினர். குத்தகை நிலத்தில் நாற்று வளர்ப்பவர். அவரிடம் தொலைபேசி இல்லாததால், சேர்க்கும்போது தம் எண்ணையே கோகிலா எழுதியிருந்தார். தீபாவளி கழிந்து இரண்டாம் நாள், முதல் பாத்தியில் இருவரும் சேர்ந்துதான் குச்சி ஊன்றினார்கள். பாத்திகளை எண்ணி, எட்டாயிரத்து நானூறு என்று கோப்பில் எழுதியவரும் கோகிலாவே.

நான்காம் வரிசையில் பெயர் மட்டுந்தான் ராக்கப்பனுடையது. மற்றவை எல்லாம் தம் வீட்டுடையவை.

கோகிலா எழுந்து, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, பெயர்களை மேலிருந்து கீழே படித்தார். முதல் மூன்று பெயர்கள் சரியாக இருந்தன. நான்காவது முதல் குழப்பம் தொடங்கியது. வகரத்தில் தொடங்கும் கடைசி ஆறு பெயர்கள் மீண்டும் சரியாக இருந்தன. இடையிலிருந்த முப்பத்திரண்டு பேரும் இடம் மாறியிருந்தார்கள்.

என்ன நடந்தது என்பது அப்போது அவருக்குப் புரிந்தது.

சங்கத்தின் செயலாளர் முத்துகிருஷ்ணன் நிலவுடைமைக் குடும்பத்தவர். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவர். சனவரி இறுதி வாரத்தில், தாய் பஞ்சம்மாளின் கண் அறுவைக்காகக் கோகிலா நான்கு நாள் விடுப்பில் சென்றார். குடியரசு நாளன்று பொதுக்குழு. வாயிலில் உறுப்பினர் பட்டியல் ஒட்ட வேண்டியிருந்தது. செயலாளர் கடவுச்சொல்லைக் கேட்டார். செயலாளர் கேட்பதால் கோகிலாவும் தொலைபேசியில் கூறினார். கோப்பைத் திறந்த முத்துகிருஷ்ணனின் கண்ணில், 'ராக்கப்பன்', 'ராமசுப்பிரமணியன்' என்று ஆறு பெயர்களும், 'லட்சுமணன்' என்று ஒரு பெயரும் பட்டன.

ரகரமும் லகரமும் தமிழில் மொழிக்கு முதலில் வாரா. வடசொற்கள் தமிழில் வழங்கும்போது முன்னே இகரம் பெறும். இலக்கணப்படி அவர் செய்தது சரியே, அதை மறுப்பதற்கில்லை. ஏழு பெயர்களுக்கும் இகரம் சேர்த்தார். சேர்த்தபின், ரகரத்தின் இடத்தில் இகரப் பெயர்கள் நிற்பது அகரவரிசைப்படி பிழை என்பதையும் கண்டார். பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினார். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்து வரிசைப்படுத்த வேண்டுமா, தேர்ந்தெடுத்ததை மட்டுமா என்று கணினி ஆங்கிலத்தில் கேட்டது. தமக்கு வேண்டியவை பெயர்கள்தானே என்று, 'தேர்ந்தெடுத்ததை மட்டும்' என்பதை அவர் தெரிவுசெய்தார்.

ஏழு பெயர்கள் அடியிலிருந்து மேலே ஏறின. அவற்றுள் அகரவரிசையில் முதலாவதான இராக்கப்பன் நான்காம் இடத்தைப் பிடித்தார். அங்கிருந்த உமாமகேஸ்வரியும் அவருக்குப் பின்னிருந்தவர்களும் ஏழு படி கீழே இறங்கினார்கள். எண்களும் தேதிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கணினி கேட்டபோது, சேமித்தார்.

இதில் கோகிலாவின் பங்கும் உண்டு. சனவரி 29 அன்று வேலைக்குத் திரும்பியவர், பெயர்களில் இகரம் ஏறியிருப்பதைக் கண்டார். செயலாளரிடம் அதைப் பற்றிச் சற்று வருத்தமாகவும் பேசினார். பிறகு கடவுச்சொல்லை மாற்றிக் கோப்பைப் பூட்டினார். வழக்கம்போல் அதை ஒரு பென்டிரைவில் படி எடுத்தார். அதே பெயரில் எடுத்தார். பழைய நல்ல படியின்மேல் புதிய கெட்ட படி உட்கார்ந்தது. பிழையை உள்ளே வைத்துப் பூட்டியவர் அவரே.

நண்பகல் உணவு வேளையில் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோட்டத்துக்குப் போனார். உமாமகேஸ்வரி பூவாளியால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, இந்நேரத்துல? ஆபீசுல வெரட்டி விட்டுட்டாகளா?"

"ஒரு நாத்தப் பிடுங்கிப் பாக்கணும் அத்தை."

"எதுக்கு? அது என்ன முள்ளங்கியா?"

கோகிலா காரணத்தைக் கூறினார். உமாமகேஸ்வரி பூவாளியைக் கீழே வைத்தார். கோகிலா மூன்றாம் பாத்தியின் ஓரத்திலிருந்து ஒரு நாற்றை மெல்ல எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசினார். இந்நோய் எல்லா வேளையிலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்று தெரிந்தது. மெல்லிய வேர்களில் கடுகு கோத்தாற்போல முடிச்சுகள் இருந்தன.

"ஒண்ணுல இருக்கும். எல்லாத்துலயுமா இருக்கப் போகுது?" என்று கூறிய உமாமகேஸ்வரி, ஏழாம் பாத்தியில் தாமே ஒன்றைப் பிடுங்கினார். அதிலும் இருந்தது. இன்னொன்றைப் பிடுங்கினார். அதை அலசாமலேயே கீழே போட்டார்.

பிறகு உமாமகேஸ்வரி கேட்டார்:

"இது ஒன்னத் தவிர யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அந்தத் தாளு?"

"அதுல கருவாடு மடிச்சிட்டாக."

"அப்ப என்ன? ராக்கப்பனுக்கு லெட்டரு போயிருச்சு. அவனுக்கு ரெண்டு எடத்துல தோட்டம், கெணறு, எல்லாம் இருக்கு. நமக்கு இந்த அரைக்காணிதான். நீ எட்டு மணி நேரம் ஆபீசுல உக்காந்துட்டு வார. இங்கன குனிஞ்சு நிமிந்தது நானு. ரெண்டு நாளைக்கு வாய மூடிக்கிட்டு இரு. மருந்து ஊத்தி நாஞ் சரிபண்ணிருவேன்."

"இதுக்கு ஊத்துறதுக்கு மருந்தில்ல அத்தை. ஜூன்ல இந்த நாத்து யாரு நெலத்துக்கோ போகும். புழுவும் கூடப் போகும்."

"போனா நமக்கு லெட்டரா போடப்போகுது?"

"ராக்கப்பண்ணன் நாத்து நல்ல நாத்து. அத நாளைக்கு எரிக்கச் சொல்லியிருக்கு. எம் ஃபைலப் பாத்துத்தான் சொல்லியிருக்கு."

"ஓம் ஃபைலு, ஓம் ஃபைலு! கல்யாணத்தன்னைக்கே அதுக்குத் தாலி கட்டியிருக்கணும் எம் மகன்."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பூவாளியை எடுத்துப் பாதி நனைந்திருந்த பாத்தியை நனைக்கத் தொடங்கினார்.

"எரிக்கப்போற நாத்துக்கு எதுக்குடி தண்ணி?" என்று உமாமகேஸ்வரி அதைப் பிடுங்கிக்கொண்டார். மண்ணைப் பார்த்தபடி மேலும் கூறினார்: "எம் வாயால நாஞ் சொல்ல மாட்டேன். கமிட்டிக்கும் வர மாட்டேன். நீதானே கண்டுபிடிச்ச, நீயே சொல்லு."

பிற்பகல் இரண்டு மணிக்குக் கோகிலா மேசைக்குத் திரும்பினார். ஒரு பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஓய்ந்திருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வரிசைகள் கலைந்திருக்கும்போது ஒன்றை மட்டும் திருத்தினால், 'தன் வீட்டுக்கு ஏற்றபடி திருத்தினாள்' என்றோ, 'ராக்கப்பனுக்கு வேண்டியவள்' என்றோ பேச்சு எழும். அது பட்டியலையே கெடுத்துவிடும். எனவே, கெட்ட கோப்பை அப்படியே விட்டு, 'திருத்தாதது' என்று பெயரிட்டு வைத்தார். புதிய படி ஒன்றை எடுத்து, அன்றைய தேதியையும் நேரத்தையும் அதன் பெயரில் சேர்த்தார். தம் வரிசையை நீக்கினால் மீதி முப்பத்தொரு வரிசைகள். முப்பத்தொரு தொலைபேசி எண்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அழைத்தார்.

எல்லாரிடமும் ஒரே மூன்று கேள்விகள்: உங்கள் பெயர் என்ன? எந்தத் தேதியில் நட்டீர்கள்? எத்தனை நாற்று?

"எம் பேரு தெரியாமலா எனக்குப் போன் போட்ட?" என்று முத்தழகு கேட்டார்.

"தெரியும் மதினி. நீங்க சொல்லணும், நாங் கேட்டு எழுதணும்."

"போன மாசந்தான சங்கத்துல வந்து டீ குடிச்சேன். அதுக்குள்ளயா மறந்துட்ட?"

"மறக்கல மதினி. தேதியச் சொல்லுங்க."

காஜா நவாஸ் என்பவர் இராமேஸ்வரத்தில் விடுதி வாயிலில் நாற்று இறக்கிக்கொண்டிருந்தார். தேதி நினைவில்லை என்றார். வீட்டுக்குப் பேசி, மனைவியிடம் கேட்டு, அரை மணியில் திரும்ப அழைத்தார். இருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவர்கள் வீடுகளுக்கு வாவு முகம்மது மிதிவண்டியில் போய்வந்தார். கருவாட்டுத் தாளுக்கு அது ஈடாகுமா என்று கேட்டார். ஆகாது என்று கோகிலா கூறினார்.

செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் முப்பத்தொருவரும் கூறியவை வெள்ளைக் கட்டங்களில் ஏறின. ஒவ்வொன்றிலும் தேதியும் நாற்றெண்ணிக்கையும் கோப்பிலிருந்தவற்றோடு பொருந்தின. பெயர் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மாலை நான்கு மணிக்குக் குழு கூடியது. பன்னிரண்டு நாற்காலிகளும் நிறைந்தன. ராக்கப்பன் வாயிலுக்கு அருகே நின்றார். அவர் கையில் நாற்று ஒன்றும் இல்லை. அவர் மனைவி தோட்டத்தில் மண்வெட்டியோடு காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். பிடுங்கவா, வேண்டாமா என்று இங்கிருந்து செய்தி போக வேண்டும்.

குழு உறுப்பினர் மாரிச்செல்வம் உட்காருவதற்கு முன்பே பேசத் தொடங்கினார்.

"நாளைக்கு ஆபீசரு வாராக. இன்னும் ரெண்டு மணி நேரத்துல இருட்டிரும். ராக்கப்பா, ஒனக்கு வருத்தம்னு தெரியும். ஆனா ஒனக்காக நாப்பது பேரு நிக்க முடியுமா?"

"எனக்காக நிக்க வேணாம்யா. எண்ணிக்கைய மட்டும் சரியாப் போடுங்கன்னுதான் கேக்குறேன்."

"எண்ணிக்கை தப்புன்னா நோயும் தப்பா? ஒண்ணும் வெளங்கல."

முத்துகிருஷ்ணன் கையை உயர்த்தினார். அவர் கூட்டத்திலும் எழுத்துநடையிலேயே பேசுபவர்.

"அமைதியாக இருங்கள். பதிவேடு கோகிலா அம்மையாரின் பொறுப்பில் உள்ளது. அவர் ஏதோ கூற விரும்புகிறார்."

கோகிலா எழுந்தார். இரண்டு அச்சுத் தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் பூட்டியிருந்த பட்டியல். மற்றொன்றில் உறுப்பினர்கள் தம் வாயால் கூறியது. முதல் மூன்று வரிசைகளும் கடைசி ஆறும் இரண்டிலும் ஒன்றாயிருப்பதைக் காட்டினார். இடையிலுள்ளவற்றைப் படிக்கச் சொன்னார். மாரிச்செல்வம் தம் பெயரைத் தேடினார். அதற்கு நேரே அவர் நடாத ஒரு தேதியும், அவர் வளர்க்காத ஒரு வகையும் இருந்தன.

"ஏ, எனக்கு முல்லை போட்டிருக்கு! நான் எப்பய்யா முல்லை வச்சேன்?"

"வைக்கல. பேரு எறங்கிருச்சு. மத்ததெல்லாம் அங்கனயே நிக்கிது."

"எப்படி எறங்குச்சு? பூட்டியிருக்குன்ன?"

முத்துகிருஷ்ணன் முதல் தாளைக் கையில் எடுத்து, 'இராக்கப்பன்' என்ற சொல்லில் விரலை வைத்தார். அவர் முகம் மாறியது.

"வரிசைப்படுத்தும்போது கணினி என்னிடம் ஏதோ வினவியது. நான் ஒன்றைத் தெரிவுசெய்தேன். அதுதானா?" என்றார்.

"அதான் சார்."

மாரிச்செல்வம் நாற்காலியில் திரும்பினார். "அப்ப செயலாளரு வேணும்னே..."

"இல்ல," என்று கோகிலா குறுக்கிட்டார். அவர் குரல் உயரவில்லை. ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்டது. "வேணும்னு செய்யிறவக ஒரு பேர மாத்துவாக. முப்பத்திரண்டு பேர மாத்த மாட்டாக. எழுத்தச் சரிபண்ணப் போயி நடந்துபோச்சு. நானும் திரும்பி வந்தவ எண்ணிப் பாக்காம பூட்டிட்டேன். ரெண்டு பேரு தப்பும் இருக்கு. மினிட்ல அப்படியே எழுதிக்கங்க."

ராக்கப்பன் சுவரில் சாய்ந்து, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். தொலைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார்.

"மண்வெட்டியக் கீழ வையி. நம்மது இல்லையாம்."

முத்துகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் அணிந்துகொண்டு முதல் தாளில் நான்காம் வரிசையை ஒருமுறை படித்தார். இரண்டாம் தாளில் அந்த வரிசைக்கு நேரே பெயர் எழுதப்படாமல் வெற்றிடமாக இருந்தது. கோகிலா அழைக்காத ஒரே எண் அது. கதவுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நோய் கண்ட தோட்டம் எதுவோ, அது இன்றைக்கே எரிய வேண்டும்.

"அப்படியானால், நானூற்றுப் பதினேழு யாருடைய தோட்டம், அம்மா?" என்று செயலாளர் கேட்டார்.

"எங்களோடது, சார்."